கோவில் கதவும் ஊராட்சி நாற்காலியும்

(கல்லூரி மாணவர்கள் கூடிய ஒரு படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மதுரையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். மதுரையைப் பற்றிப் பேசுவதற்கு ஆளுக்கா பஞ்சம்? தூங்கா நகரம், நான்மாடக் கூடல், மல்லிகைப்பூ, சித்திரைத் திருவிழா, ஜிகர்தண்டா என்று கைப்பேசியைத் திறந்தால் நாள் முழுக்க ஓடுகிறது. அதையெல்லாம் நான் குறை சொல்ல வரவில்லை, ஜிகர்தண்டா எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் காணொளிகளில் கோபுரம் வருகிறது, கோபுரத்தைச் சுற்றியுள்ள மாவட்டம் வருவதில்லை. மேலூர் வருவதில்லை, உசிலம்பட்டி வருவதில்லை, பேரையூர் வருவதில்லை. கோபுரத்தில் இருந்து அந்த ஊர்களுக்குப் போகிற பாதையில்தான் இன்று உங்களை அழைத்துப் போகப் போகிறேன்.

முதலில் நகரம். மதுரை வீதிகளின் பெயர்களை நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். கோவில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றித் தேர் ஓடுகிற மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. தாமரை இதழ் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள் என்று சுற்றுலாக் கையேடு சிலாகிக்கும். நாம் அதை வேறு மாதிரியும் படிக்கலாம். நடுவில் தெய்வம், தெய்வத்தை ஒட்டி யார், அடுத்த சுற்றில் யார், கோட்டைக்கு வெளியே யார் என்று சாதியை மண்ணில் வரைந்து காட்டிய படம் அது. சாமிக்கு நெருக்கமாக யார் இருக்கிறார்களோ அவர்களே மேல் என்று சொல்லித் தருவதற்குத் தனியாகப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. தெருவில் நடந்தாலே போதும்.

வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் இருந்தது. நாயக்கர் காலத்துச் சுவர், சுற்றிலும் அகழி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் அதை இடிக்க முடிவெடுத்தார். அரசாங்கத்திடம் பணம் இல்லை. சுவரின் ஒரு பகுதியை இடித்து அகழியைத் தூர்க்கிறவருக்கு அந்த இடம் சொந்தம் என்று அறிவித்தார். சில ஆண்டுகளில் சுவர் போய்விட்டது. அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் நினைவாகத்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு சுவர் வரும்.

இப்போது கதவு.

1939 ஜூலை 8. மதுரை வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட தோழர்கள் சிலரும் நாடார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரும் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தார்கள். கோவில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, துணை நின்றார். பாடநூலில் இந்தச் செய்தி ஒரு வரியோடு முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் நடந்தவை பலருக்குத் தெரியாது.

முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். 1897இல், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கமுதியில், நாடார் மக்கள் சிவன் கோவிலுக்குள் போனார்கள். இராமநாதபுரம் ராஜா வழக்குத் தொடுத்தார். மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்றது. வழக்கு உயர்நீதிமன்றம் போய், கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அங்கேயும் தோற்றது. வழக்கம் அப்படி இருக்கிறது என்பதே அதற்கான காரணம். வெள்ளைக்காரன் சாதியை ஒழிக்க வந்தான் என்று யாராவது சொன்னால் கமுதி வழக்கைப் படிக்கச் சொல்லுங்கள். 1929இல் ஈரோட்டில் சுயமரியாதை இயக்கத் தோழர்கள் தாழ்த்தப்பட்ட தோழர்களை ஈசுவரன் கோவிலுக்குள் அழைத்துப் போனார்கள். அவர்கள் மீதும் வழக்குத்தான் பாய்ந்தது. 1936இல் திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது. இந்த நாற்பதாண்டுக் கொந்தளிப்பின் மீது ஏறி நின்றுதான் 1939 நடந்தது. ஒரு நல்ல மனிதருக்கு ஒருநாள் காலையில் தோன்றிய நல்லெண்ணம் என்று அதைச் சுருக்கிவிடக் கூடாது. வைத்தியநாத ஐயர் தம் சாதிக்காரர்களின் வசையையும் புறக்கணிப்பையும் தாங்கியவர், அந்த மரியாதையை அவருக்குத் தருவோம். ஆனால் உள்ளே நடந்து போன கால்கள் வேறு ஆட்களுடையவை.

பின்னால் நடந்தது இன்னும் சுவையானது. கோவில் தீட்டுப்பட்டுவிட்டது என்று பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்தார்கள். வருணாசிரமச் சங்கத்தார் மீனாட்சியே கோவிலை விட்டு வெளியேறிவிட்டாள் என்று சொல்லி, வேறிடத்தில் தனி மீனாட்சியை வைத்து வழிபட்டார்கள். ஆயிரம் ஆண்டுக் கோவில், அதன் கல், சிற்பம், ஆகமம் எல்லாவற்றையும் விட்டுவிடவும் தயார், தாழ்த்தப்பட்டவரோடு ஒன்றாக நின்று கும்பிட மட்டும் தயாரில்லை! அவர்களுடைய பக்தி எதன் மீது என்பதை அவர்களே காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்தவர்கள் மீதும் நடவடிக்கை வரலாம் என்ற நிலை இருந்ததால், ராஜாஜி அரசு அந்த மாதமே அவசரச் சட்டமும் பிறகு தனிச் சட்டமும் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கோவில் நுழைவு அனுமதியோடு காப்புறுதியும் சேர்ந்திருக்கும். கும்பிடப் போனவர்களைத் தண்டனையில் இருந்து காப்பாற்ற ஒரு சட்டம் தேவைப்பட்ட நாடு இது.

சரி, கதவு திறந்தது. உள்ளே போனவர்களில் ஒருவரான கக்கன், மேலூர் வட்டத்தில் உள்ள தும்பைப்பட்டிக்காரர். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தமிழ்நாட்டின் அமைச்சராகவும் இருந்தார், உள்துறையையே வைத்திருந்தார். மாநிலத்தின் காவல்துறை முழுக்க அவர் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டு இருந்தது. அவருடைய எளிமையைப் பற்றி எல்லாக் கட்சிக்காரர்களும் மேடையில் கண் கலங்கப் பேசுவார்கள். (தாழ்த்தப்பட்ட தலைவர் ஒருவரைப் பாராட்ட நம்மவர்களுக்கு உடனே கிடைக்கிற சொல் எளிமைதான். அவர் திறமையாக நிர்வாகம் செய்தார் என்று சொல்வதற்கு நாக்கு வருவதில்லை.)

அதே மேலூர் வட்டத்தில் இன்னொரு ஊர், மேலவளவு.

1996இல் உள்ளாட்சித் தேர்தல் இட ஒதுக்கீட்டில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் ஏற்கவில்லை. மனுப் போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன, தேர்தல் தள்ளிப்போனது. கடைசியில் அந்த ஆண்டின் முடிவில் போலீஸ் காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். தலைவரானாரே தவிர, ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்ய அவரை விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பினார். பட்டப்பகலில் பேருந்தை நிறுத்தி, அவரையும் துணைத்தலைவர் மூக்கனையும் உடன் வந்த தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையை அறுத்து எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டார்கள்.

கக்கன் கோவிலுக்குள் போன நாளில் இருந்து கணக்கிட்டால் 58 ஆண்டுகள். ஒரே வட்டம். சென்னையில் உள்துறை அமைச்சராக ஒரு தாழ்த்தப்பட்டவர் இருப்பதைத் தாங்கிக்கொண்ட மண், உள்ளூரில் ஊராட்சித் தலைவராக ஒரு தாழ்த்தப்பட்டவர் இருப்பதை ஏன் தாங்கவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

ஊராட்சித் தலைவரிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஊராட்சிப் பொறுப்பில் உள்ள கண்மாயில் மீன் ஏலம், சாலையோரப் புளியமர ஏலம், யாருடைய தெருவுக்கு முதலில் குழாய் போடுவது, தெருவிளக்கு யாருக்கு, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி, இன்றைக்கு நூறுநாள் வேலையும். அமைச்சரின் கையெழுத்துச் சென்னையில் இருக்கும். தலைவரின் கையெழுத்து ஆதிக்கச் சாதிக்காரர் வீட்டு வாசலில் இருக்கும். அதை வாங்க அவர் காலனிக்குள் நடந்து வர வேண்டும், வந்து தலைவரின் முன்னால் நிற்க வேண்டும். அம்பலக்காரருக்கு முதல் மரியாதை, பரிவட்டம், ஏலத்தில் முதல் குரல் என்று பரம்பரையாக வருகிற ஏற்பாடு முழுதும் அந்த ஒரு கையெழுத்தில் ஆட்டம் காணும். கோவிலுக்குள் வந்து ஓரமாக நின்று கும்பிட்டுப் போகிறவரால் அந்த ஏற்பாட்டுக்குச் சேதம் குறைவு. ஏலத்தை நடத்த வருகிறவரால் சேதம் அதிகம்.

நுழைய விடுவது வேறு, அதிகாரத்தைப் பகிர்வது வேறு. மதுரை மாவட்டத்தின் நூற்றாண்டு வரலாற்றை இந்த வேறுபாட்டை வைத்துப் படித்துப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும். கோவிலுக்குள்ளேயே பாருங்களேன். 1939இல் வாசல் திறந்தது, கருவறை திறந்ததா? அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக 1970இல் சட்டத் திருத்தம் வந்தது, 2006இல் அரசாணை வந்தது, மதுரை உள்ளிட்ட ஊர்களில் பயிற்சிப் பள்ளிகள் திறந்து 200க்கும் மேற்பட்டோர் பயிற்சி முடித்தார்கள். முடித்தவர்களில் ஒருவருக்கு முதன்முதலாக வேலை கிடைத்தது 2018இல்தான். அதுவும் எங்கே? மதுரையிலேதான், ஆனால் மீனாட்சி கோவிலில் இல்லை, தல்லாகுளத்தில் ஓர் ஐயப்பன் கோவிலில். 2021 ஆகஸ்டில் இன்னும் 24 பேருக்கு ஆணை கொடுத்தார்கள், உடனே வழக்குகள் வந்துவிட்டன.

மேலவளவு வழக்குக்கு வருகிறேன். விசாரணை சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் வரை அது உறுதியானது. ஆனால் என்ன நடந்தது? 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி மூன்று பேர், 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 13 பேர் என்று முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள். ஒன்று தி.மு.க. ஆட்சி, இன்னொன்று அ.தி.மு.க. ஆட்சி. நூற்றாண்டு விழாக்களுக்குக் கைதிகளை விடுவிப்பது வழக்கந்தான். சாதிக்காகத் தலையை அறுத்த வழக்கை மற்ற வழக்குகளோடு ஒரே தட்டில் வைத்ததைத்தான் கேட்கிறேன். "ஒரு கோட்டுக்கு மேல் போகாதே" என்று கொன்றவர்கள் சொன்னார்கள், அந்தக் கோட்டைத் தாண்டியவரைக் கொன்றால் இவ்வளவுதான் விலை என்று அரசு சொல்லிவிட்டது.

இனி மேற்கே போவோம், உசிலம்பட்டிப் பக்கம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். இந்த மூன்று ஊராட்சிகளிலும் 1996 தொடங்கி பத்தாண்டுகள் தாழ்த்தப்பட்ட தலைவர் ஒருவர் செயல்பட முடியவில்லை. இங்கே கொலை இல்லை, வேறு உத்தி. மனுவே போட விடமாட்டார்கள். அல்லது ஊர்ப் பெரியவர்கள் தங்களுக்குக் கட்டுப்பட்ட ஒருவரை நிறுத்தி, வெற்றி பெற வைத்து, பதவி விலகல் கடிதம் வாங்கிவிடுவார்கள். தேர்தல் ஆணையம் மறுபடி அறிவிக்கும், மறுபடி கடிதம். சனநாயகத்தை இப்படிச் சட்டப்படியே அவமதிக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டினார்கள். 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். அவர்களைச் சென்னைக்கு அழைத்து அரசு சமத்துவப் பெருவிழா எடுத்தது. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் பெரியார் இயக்கங்களும் பத்தாண்டுகள் விடாமல் கேட்டதாலும், மாவட்ட நிர்வாகம் கடைசியில் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசியதாலும் அது நடந்தது. மனமாற்றம் வந்து நடக்கவில்லை. அரசு நினைத்தால் முடியும், பத்தாண்டுகள் நினைக்கவில்லை.

இந்தப் பகுதியைப் பற்றிப் பேசும்போது இன்னொரு வரலாற்றையும் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது வெள்ளை அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். பிறப்பாலேயே நீ குற்றவாளி, ஊரைவிட்டுப் போனால் சீட்டு வாங்க வேண்டும், இரவில் வந்து படுக்க வேண்டும் என்று சொன்ன சட்டம் அது. பிறப்பை வைத்து மனிதனை அளப்பது எவ்வளவு கொடுமை என்பதைத் தம் உடம்பில் அனுபவித்தவர்களின் பேரப்பிள்ளைகள், பக்கத்துத் தெருக்காரரைப் பிறப்பை வைத்து அளந்தார்கள். இதைச் சொன்னால் சில இளைஞர்களுக்குக் கோபம் வருகிறது. நான் பெருங்காமநல்லூர் நினைவிடத்துக்கு முழு மரியாதையோடுதான் போகிறேன். அங்கே செத்தவர்கள் எதை எதிர்த்துச் செத்தார்களோ அது வெள்ளையர் கையில் மட்டும் இருந்த பொருளா என்று அந்தச் சமூகத்து இளைஞர்களிடம் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. அவர்களில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது அந்த இரண்டாவது சுவர். பேரையூர் வட்டம், உத்தப்புரம். 1989இல் ஒரு சாதி மோதலுக்குப் பிறகு, தலித் மக்கள் வாழும் பகுதியை மறைத்து ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். பக்கத்தில் இருக்கும் சாலைக்கு வர அந்த மக்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 2008இல் சுவரின் மேல் மின்கம்பி இருப்பது வெளியே தெரிந்தது. மனிதன் தாண்டக் கூடாது என்பதற்காக மின்சாரம்! தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்டுக் கட்சியும் போராடின. மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. உடனே ஆதிக்கச் சாதியினர் குடும்பம் குடும்பமாக ஊரை விட்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள், ரேஷன் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1939இல் கோவிலை விட்டுப் போனவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்களா? அந்த ஆண்டு நவம்பரில் அதே பகுதியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தலித் ஒருவர் இறந்தார். 2011 நவம்பரில் தலித் மக்கள் ஊரின் முத்தாலம்மன் கோவிலுக்குள் போனார்கள். மீனாட்சி கோவில் திறந்து 72 ஆண்டுகள் கழித்து, அதே மாவட்டத்தில்.

பிளாக்பர்ன் ஒரு நகரத்தின் கோட்டையையே சில ஆண்டுகளில் தூர்த்தார். ஏனென்றால் இடிக்கிறவருக்கு நிலம் கிடைத்தது. உத்தப்புரத்தில் சில அடிச் சுவரை இடிக்க 19 ஆண்டுகள். நிலம், பாதை, பேருந்து நிறுத்தத்துக்கான இடம் என்று கணக்குப் போட்டுத்தான் அங்கே சுவர் நின்றது. சாதியை வெறும் மனநோய் என்று பேசுகிற தோழர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

நகரத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் கிராமத்தை மட்டும் குற்றவாளி ஆக்கினால் நகரத்துக்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். 2017இல் மீனாட்சியம்மன் கோவிலுக்கு, நாட்டிலேயே தூய்மையான புகழ்பெற்ற தலம் என்று ஒன்றிய அரசு விருது கொடுத்தது. நல்லது. சித்திரை வீதியை விடிவதற்கு முன் கூட்டுகிறவர்கள் யார்? அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சாதியினர், எத்தனை பேர் ஒப்பந்தக் கூலிகள்? விருது வாங்கப் போன மேடையில் அவர்களில் எத்தனை பேர் இருந்தார்கள்? அதே ஆண்டில்தான் 'கக்கூஸ்' ஆவணப்படம் வந்தது, பல ஊர்களில் போலீஸ் அதைத் திரையிட விடவில்லை. சுத்தத்துக்கு விருது, சுத்தம் செய்கிறவரைப் பற்றிய படத்துக்குத் தடை. 1939இல் கோவிலுக்குள் வரும் உரிமை கிடைத்தது உண்மை. துடைப்பத்தை வேறு சாதிக்காரர் கைக்கு மாற்றும் உரிமை இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.

மதுரை இப்படியேதான் இருக்குமா என்று கேட்டால், இல்லை என்பதற்கு மேலூரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கம் என்று அறிவிப்பு வந்தபோது, மேலூர் வட்டம் முழுவதும் தெருவுக்கு வந்தது. மதுரைக்குப் பேரணியாகக் கிளம்பியது. 2025 சனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலை போகிறது, கண்மாய் போகிறது என்றதும் சாதி பார்க்காமல் நிற்க முடிந்தது. அந்தக் கண்மாயின் மீன் ஏலத்தை ஒரு தலித் பெண் தலைவராக உட்கார்ந்து நடத்தும்போது அதே கூட்டம் அவர் பக்கத்தில் நிற்குமா? மேலூர்த் தோழர்களிடம் இதைக் கேட்டேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் "கேட்க வேண்டியதுதான்" என்றார்.

கேட்பதற்கு நேரம் வந்திருக்கிறது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 சனவரியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கையில் நிர்வாகம் போனது. அடுத்த தேர்தல் நடந்ததும் ஒதுக்கீட்டு ஊராட்சிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு நீங்கள் இரண்டு இரண்டு பேராகக் கிளம்புங்கள். போய் உரையாற்ற வேண்டாம், பாருங்கள். தலைவருக்கு நாற்காலி இருக்கிறதா, அவர் அதில் உட்காருகிறாரா, துணைத்தலைவர் வந்தால் எழுந்து நிற்கிறாரா? காசோலையில் கையெழுத்துப் போடுவது தலைவரா, பின்னால் நிற்கிறவரா? ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றியது யார்? தாழ்த்தப்பட்ட தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடுக்கக் கூடாது என்று 2022இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, மறந்துவிடாதீர்கள். பார்த்ததை எழுதி வையுங்கள், தேதி போட்டு.

மேலவளவில் நினைவிடம் இருக்கிறது, மேலூரில் இருந்து பேருந்து உண்டு. ஜூன் 30 அன்று போவதாக இருந்தால் காலையிலேயே கிளம்புங்கள். அன்று கூட்டமும் இருக்கும், போலீசும் இருக்கும்.